கப்பலும் லூனாசும்
தென்கிழக்காசியப் படகுக் கட்டுக்கலையும் அதன் சொற்களும்



பத்தாம் ஆண்டு விழாவில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் கேட்டபோது, இலக்கியம் அல்லாத ஒன்றைப் பேசலாமா என்று கேட்டேன். சற்றுத் தயங்கினார், பின் ஒப்புக்கொண்டார். அவர் தயங்கியதற்குக் காரணம் உண்டு. படகு கட்டுவது எப்படி என்பதைக் கேட்க எத்தனை பேர் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவார்கள்? ஆயினும் இவ்வவைக்கு நான் பட்ட கடன் ஒன்று உண்டு. அதைத் தீர்க்க இதுவே தக்க நாள் என்று எண்ணினேன்.

வட்டம் தொடங்கிய முதலாண்டில், தமிழரின் கடலாட்சி பற்றி இங்கே ஒரு கட்டுரை படித்தேன். அன்று இருந்தோருள் சிலர் இன்றும் முன்வரிசையில் இருக்கிறார்கள். அக்கட்டுரையில், தென்கிழக்காசிய மக்களுக்குக் கப்பல் கட்டக் கற்றுத் தந்தவர் தமிழரே என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு நான் காட்டிய சான்று ஒரே ஒரு சொல். மலாய் மொழியில் கப்பலுக்குக் 'காப்பால்' என்று பெயர். அது தமிழிலிருந்து சென்ற சொல். சொல் நம்முடையதாயின் பொருளும் நம்முடையதே என்று முடித்தேன். நல்ல கைதட்டல் கிடைத்தது. கைதட்டல் கிடைத்த வரியைப் பிறகு யாரும் சரிபார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

மறு ஆண்டு, பள்ளி விடுமுறையில் கோலத் திரங்கானு சென்றிருந்தேன். அங்கே ஆற்றின் முகத்துவாரத்தில் டூயோங் என்னும் தீவு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மரக்கலம் கட்டிய ஊர் அது. ஆற்றங்கரைக் கொட்டகை ஒன்றில், பாதி எழும்பிய படகின் அடியில் ஒரு முதியவர் உளியோடு அமர்ந்திருந்தார். பேச்சு வளர்ந்தது. நான் ஆசிரியன் என்றறிந்து 'சிகு' என்று மரியாதையாக விளித்தார். நானும் 'பாக் சிக்' என்று அழைத்து, என் கட்டுரையின் பெருமிதத்தை அவரிடமும் அவிழ்த்துவிட்டேன்: "காப்பால் என்பது எங்கள் சொல் தெரியுமா?"

அவர் சினக்கவில்லை. "அப்படியா சிகு, நல்லது. காப்பால் உங்களுடையதாகவே இருக்கட்டும்" என்று சொல்லி, படகின் அடியில் நெடுக ஓடிய மரத்தை உளியின் பிடியால் தட்டினார். "இது லூனாஸ். இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?"

எனக்குத் தெரியவில்லை. முன்னால் வளைந்து எழுந்த மரத்தைக் காட்டினார், அது 'லிங்கி'. தெரியவில்லை. உள்ளே விலா எலும்புகள் போல் நின்றவற்றைக் காட்டினார், அவை 'காடிங்-காடிங்'. அதுவும் தெரியவில்லை. கடைசியாக, விரல் பருமனுள்ள ஒரு மர முளையை எடுத்துக் காட்டினார், அது 'பாசாக்'. ஆப்பு என்றேன். அவர் அந்த ஒலியை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கப்பல் என்ற முழுப்பொருளின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் ஓர் உறுப்பின் பெயரும் அறியாமல், அதைக் கட்டக் கற்றுத் தந்தவன் நான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று தொடங்கியது இந்தத் தேடல். தேடிக் கண்டவற்றுள் சிலவற்றையே இங்கே சொல்ல முடியும்.

முதலில் அடிப்படையான ஒன்று. மேலைநாட்டார் பிற்காலத்தில் கைக்கொண்ட முறையில் எலும்புக்கூடு முதலில் எழும். அதன்மேல் பலகைகளை அறைவார்கள். படகின் வடிவத்தைத் தீர்மானிப்பது அந்தக் கூடு. தென்கிழக்காசியாவில் இது தலைகீழ். அடிமரத்தை இட்டவுடன் பலகைமேல் பலகையாகத் தோலை முதலில் கட்டுவார்கள். விலா மரங்கள் பின்னரே உள்ளே புகும். வடிவத்தைத் தீர்மானிப்பது பலகைகளும், அவற்றைச் செதுக்குபவனின் கண்ணும். வரைபடம் இல்லை. டூயோங்கில் நான் பார்த்தபோதும் ஒரு தாள்கூட அக்கொட்டகையில் இல்லை. அடுத்த பலகை எங்கே வளைய வேண்டும் என்று கேட்டதற்கு, முதியவர் படகைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அதுதான் விடை.

பலகையோடு பலகை சேர்வது விளிம்போடு விளிம்பாக. ஒரு பலகையின் விளிம்பில் வரிசையாகத் துளையிட்டு, அவற்றில் கடினமான மர முளைகளைச் செருகி, மேற்பலகையின் துளைகளை அவற்றின்மேல் பொருத்தி அடித்து இறக்குவார்கள். அந்த முளைதான் பாசாக். இரு பலகைக்கும் இடையில் கெலாம் மரத்தின் மெல்லிய பட்டையை வைப்பார்கள். நீர் பட்டால் பட்டை ஊதி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். டூயோங்கில் பலகைக்கு உகந்த மரம் செங்கால். பெயர் நம் காதில் தமிழ்போல் விழுகிறது, ஆனால் தமிழன்று. அம்மரத்தின் பலகையை நெருப்பின்மேல் காட்டிச் சூடேற்றி வளைப்பார்கள். இரும்பாணிக்கு இங்கே வேலையில்லை.

பாசாக் என்ற சொல் மலாய்ப் பழமொழி ஒன்றிலும் குடியேறியிருக்கிறது. வரவுக்கு மீறிச் செலவழிப்பவனைப் பார்த்து, தூணைக் காட்டிலும் முளை பெரிது என்பார்கள். ஒரு தொழிலின் சொல் பழமொழிக்குள் போய்விட்டால், அத்தொழில் அழிந்தாலும் அச்சொல் சில காலம் பிழைத்திருக்கும்.

இந்த முளை முறைக்கும் முற்பட்டதொரு முறை உண்டு. அதுவே என் முதற்கட்டுரையை உடைத்தது. ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பெரிய மரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கிறார்கள். ஒவ்வொரு பாதியையும் வாய்ச்சியால் செதுக்கிச் செதுக்கி ஒரே பலகையாக்குகிறார்கள். அவ்வாறு செதுக்கும்போது, உட்பக்கத்தில் குறித்த இடைவெளி விட்டு, சில இடங்களைச் செதுக்காமல் புடைப்பாக விட்டுவிடுகிறார்கள். பலகை முடிந்ததும், மாட்டின் திமில்போல அந்தப் புடைப்புகள் வரிசையாக நிற்கும். இவற்றைத் 'தம்புக்கு' என்பர். ஒவ்வொரு புடைப்பிலும் துளையிடுவார்கள். பலகைகளை முளையிட்டுச் சேர்த்த பின், புடைப்புகளின்மேல் குறுக்காக விலா மரத்தைக் கிடத்தி, துளைகளின் வழியே கயிறு கோத்து, விலாவைப் புடைப்போடு இறுகக் கட்டுவார்கள். கயிறு 'ஈஜோக்', ஒருவகைப் பனையின் கரிய நார். கடல்நீரில் எளிதில் மக்காது.

இதன் நுட்பத்தைப் பாருங்கள். துளை பலகையை ஊடுருவவில்லை, புடைப்பைத்தான் ஊடுருவுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு துளையும் தெரியாது. நீர் புக வழியில்லை. கரையில் இழுக்கும்போது கயிறு மணலில் உராய்வதுமில்லை. நம் சோழமண்டலக் கரையின் அலைப்படகு தைக்கப்பட்டது. அதன் தையல் பலகையை ஊடுருவி, உள்ளும் புறமும் தெரியும். இரண்டும் கயிற்றால் கட்டிய படகுகள்தாம். ஆனால் ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்ததன்று. சிந்தனையே வேறு.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு பெருமரத்திலிருந்து இரண்டே பலகை, மற்றதெல்லாம் சிராய். வாளால் அறுத்த பலகையில் புடைப்பு விட முடியாது. ஆகவே, அறுவாளும் ஆணியும் மலிந்து, பெருமரம் அரிதானபோது இம்முறை பின்வாங்கியது. முற்றிலும் அழியவில்லை. கிழக்கிந்தோனேசியாவில் லெம்பாத்தா தீவின் லாமலேரா என்னும் ஊரார், திமிங்கிலவேட்டைப் படகுகளை இம்மரபிலேயே கட்டிவந்திருக்கிறார்கள். கட்டுவோனை அங்கே 'அத்தா மோலா' என்பர்.

இந்த முறை எவ்வளவு பழையது என்பதற்கு மண்ணே சான்று தந்திருக்கிறது. 1926-இல் பகாங் மாநிலத்தின் பொந்தியான் ஆற்றங்கரையில் ஒரு படகின் சிதைவு கிடைத்தது. அதன் மரத்தைப் பிற்காலத்தில் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டு என்று தெரிந்தது. பலகையில் முளையும் இருந்தது, தையலும் இருந்தது, புடைப்பும் இருந்தது. 2008-இல் நடுச்சாவகத்தின் ரெம்பாங் பகுதியில் புஞ்சுல்ஹர்ஜோ என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள மற்றொரு படகு கிடைத்தது. அது 7-8ஆம் நூற்றாண்டினது. அதில் ஈஜோக் கயிறுகூட எஞ்சியிருந்தது. இராசேந்திரனின் கடற்படை கடாரம் சென்றது 1025-இல். அதற்கு முந்நூறு ஆண்டு முன்னரே கட்டிய முடிச்சு அந்தக் கயிற்றில் இருக்கிறது. என் வரி அங்கேயே விழுந்துவிட்டது.

பிலிப்பைன்சின் புத்துவான் நகரத்துப் படகுகளையும் குறிப்பிட வேண்டும். 1976-இல் அங்கே முதற்படகு வெளிப்பட்டது. பிறகு வேறு பலவும். அவையும் புடைப்பும் முளையும் கொண்டவை. அந்நாட்டார் அவற்றைப் 'பலங்காய்' என்கிறார்கள். ஒரு படகில் வந்திறங்கிய குடும்பங்களின் கூட்டத்துக்கும் அப்பெயரே வழங்கியது. இன்று அந்நாட்டு ஆட்சியமைப்பின் கடைசி அலகான ஊர்ப்பிரிவுக்குப் 'பராங்காய்' என்பதே பெயர். ஊராட்சிக்குப் படகின் பெயரை வைத்த நாடு வேறு உண்டா, நானறியேன்.

இந்தப் புத்துவான் படகுகளில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைத்தது. முதலில் செய்த கணிப்பில் ஒரு படகு கி.பி. 320 என்று வந்தது. அந்நாட்டார் அந்த எண்ணைப் பெருமையோடு நெடுநாள் சொல்லிவந்தார்கள். அண்மை ஆண்டுகளில் மறுபடி கணித்தபோது அப்படகுகள் 8 முதல் 10ஆம் நூற்றாண்டுக்குள் அடங்கின. ஐந்நூறு ஆண்டுப் பெருமை கழிந்தது; படகு அப்படியே இருக்கிறது. பிழையான வரியைத் திரும்பப் பெறுவோர் நான் ஒருவன் மட்டுமல்லன்.

கப்பல்கள் சிறியனவாக இருந்தன என்றும் எண்ண வேண்டாம். சீனர் 'குன்லுன் போ' என்று குறித்த தென்கடல் மரக்கலங்கள் 200 அடிக்கும் மேல் நீண்டு, 600, 700 பேரைச் சுமந்தன என்று 3ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு கூறுகிறது. பெரிப்ளூசு என்னும் கிரேக்க நூல் நம் கரைத் துறைகளில் கண்ட கலங்களைச் சொல்லும்போது, கட்டைகளைப் பிணைத்த 'சங்கரா' என்பதையும், பொன்னாட்டுக்கு ஓடிய மிகப் பெரிய 'கொலாண்டியோபொன்டா' என்பதையும் தனித்தனியே சொல்கிறது. பின்னதும் சீனரின் குன்லுன் போவும் ஒன்றே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அஃதாவது, நம் துறைமுகத்தில் நின்ற பெருங்கலம் அவர்களுடையதாக இருந்திருக்கலாம். 671-இல் புறப்பட்ட சீனத்துறவி ஈசிங், ஸ்ரீவிசயத்திலிருந்து இந்தியாவுக்கு ஏறிவந்தது ஸ்ரீவிசய மன்னனின் கப்பல். பதினாறாம் நூற்றாண்டில் மலாக்காவுக்கு வந்த போர்த்துகீசியர், சாவகத்தாரின் 'ஜோங்' என்னும் பெருங்கலத்தின் பல அடுக்குப் பலகைகளைக் கண்டு வியந்தனர். 1513-இல் ஜெப்பாராவின் பதி யூனுஸ் மலாக்காவைத் தாக்க ஏறிவந்ததும் அத்தகைய கலமே.

சென்னை மீன்வளத்துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதினார். நம் தென்கரையிலும் இலங்கையிலும் காணும் பக்கமிதவைப் படகுகளுக்குக் கீழைக்கடல் மக்களின் தொடர்பே மூலம் என்பது அவர் வாதம். அன்று நான் அந்நூலைப் படித்திருந்தால், கைதட்டல் குறைந்திருக்கும், கட்டுரை நன்றாயிருந்திருக்கும்.

அப்படியாயின் நாம் கொடுத்தது ஒன்றுமில்லையா? உண்டு. காப்பால் நம் சொல்தான். அதை யாரும் மறுக்கவில்லை. கடை 'கெடாய்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று. சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் பொறித்தது. இவற்றை ஒருங்கே வைத்துப் பாருங்கள். கடை, பெட்டி, கப்பல்: வணிகன் கையோடு கொண்டுசெல்லும் சொற்கள். கப்பலில் சரக்கேற்றி வந்தவன் தந்த சொற்கள் அவை. கொட்டகையில் உளி பிடித்தவன் தந்த சொல் ஒன்றும் அப்பட்டியலில் இல்லை. லூனாஸ், ஹாலுவான், கெமூடி, லாயார், தியாங், டாயோங் – அடிமரம், முகப்பு, சுக்கான், பாய், பாய்மரம், துடுப்பு – எல்லாம் அவர்கள் மண்ணின் சொற்கள்.

அவர்கள் சொற்களும் பயணம் செய்தன. 683ஆம் ஆண்டின் கெடுக்கான் புக்கிட் கல்வெட்டில் மரக்கலத்துக்குச் 'சாம்வவ்' என்ற பழைய மலாய்ச் சொல் வருகிறது. அதுவே தாய்லாந்தில் 'சம்பாவ்', மடகாஸ்கரில் 'சாம்பு'. மடகாஸ்கரின் மொழிக்கு நெருங்கிய உறவு ஆப்பிரிக்காவில் இல்லை, போர்னியோவின் தெற்கில் இருக்கிறது என்பதை நினைவிற் கொண்டால், அந்தக் கயிறு கட்டிய படகு எவ்வளவு தொலைவு ஓடியது என்பது விளங்கும். நம் கரையில் வழங்கும் 'சம்பான்' என்பதும் கீழைக்கடல் தந்ததே.

கடற்சொல் கரையேறி வாழ்வதும் உண்டு. 'ஹாலுவான்' என்பது படகின் முகப்பு. இன்று மலாயில் அரசியல் இடதுசாரியை இடது ஹாலுவான் என்றும் வலதுசாரியை வலது ஹாலுவான் என்றும் எழுதுகிறார்கள். 'கெமூடி'யிலிருந்து பிறந்த சொல்லால் பேருந்து ஓட்டுநரைக் குறிக்கிறார்கள். விலா மரத்துக்குப் பெயரான 'காடிங்' யானைத் தந்தம். வளைந்த மரத்தைக் கண்டவன் தந்தத்தை நினைத்திருக்கிறான். கலைச்சொல்லாக்கக் குழு கூடிச் செய்த சொல் அன்று.

தென்சுலாவெசியைப் பற்றி ஒரு சொல். புலுக்கும்பா வட்டாரத்தின் ஆரா, பீரா, தானா பேரு ஆகிய ஊர்களில் கொஞ்சோ மொழி பேசுவோர் கட்டும் 'பினிசி' இன்று உலகப் புகழ் பெற்றது. 2017-இல் யுனெஸ்கோ அக்கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது. உண்மையில் பினிசி என்பது படகின் பெயரன்று. ஏழெட்டுப் பாய்களைக் கட்டும் முறையின் பெயர். பாய்முறை மேலைநாட்டிலிருந்து வந்தது, உடல் அவர்களுடையது. தலைமைத் தச்சன் 'பன்ரிதா லோப்பி'. அடிமரம் இடும் நாளில் அதன் இரு நுனிகளையும் அறுத்து, முன்நுனியைக் கடலில் எறிவார்கள். பின்நுனியை வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள். முன்னது கடலோடும் கணவன். பின்னது கரையில் காத்திருக்கும் மனைவி. 1970களுக்குப் பிறகு விசைப்பொறி வந்து பாய்கள் சுருங்கின. இன்று அங்கே கட்டுவனவற்றில் பல, சுற்றுலாப் பயணிகள் படுத்துறங்கும் உல்லாசக் கலங்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. உளிக்கு வேலை இருக்கும்வரை சொல்லுக்கும் வேலை இருக்கும்.

என் கதைக்குத் திரும்புகிறேன். லூனாசுக்குத் தமிழ் என்ன என்ற கேள்வி என்னை விடவில்லை. அகராதி ஒன்றில் 'ஏரா' என்று கண்டேன். விலா மரத்துக்கு 'வங்கு', முகப்புக்கு 'அணியம்', இடைவெளியை அடைப்பதற்குக் 'கலப்பற்று'. படகு கட்டுவோனுக்கு 'ஓடாவி' என்று எவ்வளவு அழகான பெயர்! இவை இறந்த சொற்கள் அல்ல. நாகப்பட்டினக் கரையிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் ஏரா என்றேன்; "ஆமாம், ஏராக்கட்டை; அதற்கென்ன?" என்றார். அவருக்கு அது அன்றாடச் சொல். ஐம்பது ஆண்டு தமிழ் படித்த எனக்கு அது கண்டுபிடிப்பு. குற்றம் சொல்லின்மேல் இல்லை. நம் இலக்கிய வட்டங்களின் கதவு கடற்கரைப் பக்கம் திறந்ததில்லை.

சென்ற ஆண்டு மீண்டும் டூயோங் சென்றேன். முதியவர் காலமாகிவிட்டார். கொட்டகை இருந்தது, உள்ளே படகு இல்லை. செங்கால் மரத்தின் விலை ஏறிவிட்டது, கண்ணாடியிழைப் படகு மலிவு என்றார் அவருடைய மகன். அவர் பழுதுபார்க்கும் வேலை மட்டும் செய்கிறார். "பாக் சிக்கிடம் ஒரு விடை சொல்ல வந்தேன், லூனாசுக்கு எங்கள் மொழியில் ஏரா" என்றேன். அவர் தந்தையைப் போலவே அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, தந்தை சொல்லித் தந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லலானார். நான் எழுதிக்கொண்டேன். சிலவற்றுக்குச் சொல் நினைவிருந்தது, எந்த உறுப்பு என்பது மறந்திருந்தது. சிலவற்றுக்கு உறுப்பைக் காட்டினார், பெயர் வரவில்லை.

அந்தக் குறிப்பேட்டை இன்று வட்டத்தின் நூலகத்திற்குத் தருகிறேன். இடப்பக்கம் மலாய்ச் சொற்கள் உள்ளன. வலப்பக்கம் தமிழுக்கென விட்டது. அதில் பல வரிகள் வெறுமையாக இருக்கின்றன. கடற்கரையில் உறவுடையோர் இந்த அவையில் இருப்பீர்கள். ஊருக்குச் செல்லும்போது ஓர் ஓடாவியைக் கண்டு, கேட்டு, எழுதித் தாருங்கள். பென்சிலால் எழுதுங்கள், திருத்த வேண்டி வரலாம்.